ஓஸெல் பிரேஸியின் பதினான்கு பந்துகள்

டேரோ உயர்நிலைப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்துக்குள் நுழைந்ததும் இடதுகைப் பக்கம் ஒரு சுவர் இருக்கிறது. அதற்குப் புகழ் மண்டபம் என்று பெயர். மண்டபமெல்லாம் இல்லை, சுவர்தான். ஒருபுறம் சோடா விற்கிற இயந்திரம், மறுபுறம் கழிப்பறைக் கதவு, நடுவில் வெண்கலத் தகடுகள். எங்கள் மாவட்டத்தில் ஃபுட்பால் (பந்தைக் கையால் எறிந்து பிடிக்கிற அமெரிக்க ஆட்டம்) ஆடிப் பெயர் வாங்கியவர்களின் முகங்கள் அவற்றில் இருக்கின்றன. யார் முகம் அதில் ஏறலாம் என்று தீர்மானிக்கிற ஏழு பேர் குழுவில் நான் மூன்று வருடம் இருந்தேன். ஏழு பேரில் கறுப்பன் நான் ஒருவன்தான்.

என் பெயர் லான்ஸோ கெய்ன்ஸ். முப்பத்தெட்டு வருடம் இந்த ஊரில் தபால் கொடுத்தவன். சொல்ல வந்தது என்னைப் பற்றி இல்லை, ஓஸெல் பிரேஸியைப் பற்றி. என்னை விட்டுவிட்டு அவன் கதையைச் சொல்ல முடியாது என்பதுதான் என் சங்கடம்.

நாங்கள் பையன்களாக இருந்தபோது மிஸிஸிப்பி மாநிலத்தில் எங்களுக்கு ஒரு பள்ளி, வெள்ளைக்காரர்களுக்கு ஒரு பள்ளி. எங்களுடையது ஈஸ்ட் டேரோ. எங்களுக்குச் சொந்த மைதானம் கிடையாது. வெள்ளைக்காரப் பள்ளியின் மைதானத்தில் வியாழக்கிழமைகளில் ஆடிக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை அவர்களுடையது. எங்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த மிஸ்டர் ஸ்பான்தான் எங்கள் கோச்சும். மெலிந்த மனிதர். கழுத்தில் விசிலும் சட்டைப்பையில் சாக்குக்கட்டியும் எப்போதும் இருக்கும்.

ஓஸெல் ரிசீவர். எறிகிற பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பது அவன் வேலை. பயிற்சியின்போது அவனைப் பிடிக்க விடாமல் தடுப்பது என் வேலை. மூன்று வருடம், வாரத்துக்கு நான்கு நாள், அந்த வேலையில் தோற்றேன். வேகத்தில் நான் அவனுக்குக் குறைந்தவன் இல்லை. பந்து வரும்போது அவன் முகத்தைப் பார்த்துத்தான் நான் திரும்புவேன். அவன் முகமோ எதையும் காட்டாது. கடைசி நொடிவரை கைகள் இடுப்புக்குக் கீழே இருக்கும். பிறகு பந்து அவனிடம் இருக்கும். எங்கள் கைகளில் பந்து விழுந்தால் சத்தம் கேட்கும். அவன் கையில் விழுந்தால் கேட்காது.

"நீங்கள்லாம் பந்தைப் பிடிக்கிறீங்க. அவன் வாங்கிக்கிறான்," என்பார் மிஸ்டர் ஸ்பான்.

மூன்று வருடத்தில் அவன் எண்பத்தி மூன்று பந்துகள் பிடித்தான், அதில் முப்பத்தொன்று டச்டவுன், எல்லைக்கோட்டைக் கடந்து புள்ளி சேர்த்தது. எண்களை மிஸ்டர் ஸ்பான் நீல அட்டை போட்ட நோட்டில் எழுதி வைத்திருந்தார். ஊர்ப் பத்திரிகை எங்கள் ஆட்டங்களைப் பற்றி ஒரு வரி எழுதாது. ஆனால் வியாழக்கிழமைகளில் வேலிக்கு வெளியே வெள்ளைக்காரர்கள் லாரிகளை நிறுத்திக்கொண்டு, உள்ளே வராமல், அவன் ஆடுவதைப் பார்ப்பார்கள். அவர்கள் கோச் ஹாலிஸ் ட்ரேவிக்கும் பார்ப்பார். அவர் மகன் டேன், எங்கள் வயதுப் பையன், லாரியின் கூரைமேல் உட்கார்ந்திருப்பான்.

1970 ஜனவரியில் நீதிமன்றத்து உத்தரவால் இரண்டு பள்ளிகளும் ஒன்றாயின. ஒன்றாயின என்று காகிதத்தில் எழுதினார்கள். நடந்தது வேறு. எங்கள் பள்ளி மூடப்பட்டது. நாங்கள் அவர்கள் பள்ளிக்குப் போனோம். அந்தக் கோடையில் ஒரு லாரி வந்து எங்கள் கோப்பைகளையும், சுவரில் மாட்டியிருந்த படங்களையும், அலமாரியில் இருந்த நோட்டுகளையும் அள்ளிக்கொண்டு போய் ஊர்க் குப்பைமேட்டில் கொட்டியது. ஓஸெலின் அக்கா வெர்டெல் அதற்குப் பின்னாலேயே நடந்து போனாள். அவள் போய்ச் சேருவதற்குள் தீ வைத்துவிட்டார்கள். இருபது வருடம் கணக்கு வாத்தியாராகவும் கோச்சாகவும் இருந்த மிஸ்டர் ஸ்பானுக்குப் பேருந்து ஓட்டுகிற வேலை கொடுத்தார்கள். துணை கோச்சாக வைத்துக்கொள்கிறோம் என்று வாக்கும் கொடுத்திருந்தார்கள்.

அந்த இலையுதிர் காலத்தில் நாங்கள் பதினொரு கறுப்புப் பையன்கள் புதிய அணியில் இருந்தோம். டேன் குவார்ட்டர்பேக், பந்தை எறிகிறவன்; அவன் அப்பா கோச். நான்கு ஆட்டங்களில் டேன் எறிந்த பந்துகளில் பதினான்கை ஓஸெல் பிடித்தான். ஐந்து டச்டவுன். இந்த முறை பத்திரிகை எழுதியது. டேனின் படத்தைப் போட்டு எழுதியது.

நான்காவது ஆட்டம் வெளியூரில். மிஸ்டர் ஸ்பான்தான் பேருந்து ஓட்டிவந்தார். ஆட்டம் தொடங்கும்போது அவர் கோச்சுகள் நிற்கிற கோட்டோரம் வந்து நின்றார். கோச் ட்ரேவிக் திரும்பிப் பார்த்து, "வில்லி, நீ பஸ்லயே இரு, சீட்டுல எதுவும் காணாமப் போயிடாம பாத்துக்க," என்றார். மிஸ்டர் ஸ்பான் தலையாட்டிவிட்டுப் போனார். அவரை யாரும் அதற்குமுன் எங்கள் காதில் விழும்படி வில்லி என்று கூப்பிட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தின் நிலவறையில் பதினொரு பேரும் கூடினோம். மிஸ்டர் ஸ்பானைக் கோட்டோரம் நிற்க விடும்வரை யாரும் சீருடை போடுவதில்லை என்று முடிவானது. அதை முதலில் சொன்னது நான். எனக்கு அப்போது வாய் அதிகம். மேசைமேல் ஏறி நின்று சொன்னேன். எல்லாரும் கை தட்டினார்கள். ஓஸெல் மூலையில் உட்கார்ந்து கோழிக்கால் தின்றுகொண்டிருந்தான்.

"இது காலேஜ்காரன் உன்னை அவங்க டீமுக்கு எடுக்கலாமான்னு பாக்க வர்ற நேரம். நல்லா யோசிச்சுக்க," என்று அவனிடம் ஒருவன் சொன்னான்.

"ஸ்பான் சார் பஸ்ல உக்காந்திருக்கும்போது என்னால ஓட முடியலடா. போன ஆட்டத்துலயே முடியல," என்றான் ஓஸெல். அவ்வளவுதான் அவன் பேசியது.

அடுத்த வெள்ளிக்கிழமை பதினொரு பேரும் ஆடவில்லை. அணி தோற்றது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் கோச் ட்ரேவிக் வீடு வீடாகப் போனார். எங்கள் வீட்டுக்கு வந்தபோது கூடவே மர அறுவை ஆலையின் மேலாளரும் வந்தார். என் அப்பா அந்த ஆலையில் வேலை பார்த்தார். மேலாளர் ஒன்றும் பேசவில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அவர்கள் போனபின் அப்பா என்னிடம், "திங்கக்கிழமை போயிடு," என்றார்.

திங்கட்கிழமை பத்துப் பேர் போனோம். கோச் தன் அறையில் ஒரு காகிதத்தை நீட்டினார். தட்டச்சு செய்திருந்தது. 'ஓஸெல் பிரேஸி எங்களைத் தூண்டிவிட்டான், ஆடினால் அடிப்பதாக மிரட்டினான். எங்கள் தவறுக்கு வருந்துகிறோம்.' அடியில் பத்துக் கோடுகள். நான் வரிசையில் முதலில் நின்றேன். முதல் கோட்டில் என் பெயரை எழுதினேன்.

ஓஸெல் திரும்பி வரவில்லை. அந்த வருடம் அணி மாவட்டக் கோப்பையை வென்றது. ஓஸெல் நவம்பர் முழுவதும் பள்ளி விட்டதும் நேராக வீட்டுக்குப் போனான்.

கல்லூரிக் கோச் ஒருவர் நிஜமாகவே வந்திருந்தார். ஓஸெல் வீட்டில் உட்கார்ந்து கெளுத்தி மீன் வறுவலும் சோள ரொட்டியும் சாப்பிட்டு, ஒரு வாரத்தில் கடிதம் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். கடிதம் வரவில்லை. பள்ளி முடித்த கையோடு ஓஸெல் கோழி ஆலையில் சேர்ந்தான். ஓடுகிற இயந்திரப் பட்டையில் தொங்கிவரும் கோழியில் கத்தியை வைத்து எலும்பைப் பிரிக்கிற வேலை. நிமிடத்துக்கு முப்பது கோழி. முப்பத்தைந்து வருடம்.

நான் 1977-இல் தபால்காரன் ஆனேன். பிரேஸி வீடு நான் தபால் கொடுக்கிற தடத்தில் இருந்தது. ஐம்பது வயதுக்கு முன்பே ஓஸெலின் விரல்கள் மடங்குவது நின்றுவிட்டது. காப்பிக் குவளையை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தூக்குவான். ஒற்றைக் கடிதத்தை அவனால் பெட்டியிலிருந்து உருவ முடியாது என்று கண்டபிறகு, அவன் தபாலை ரப்பர் வளையம் போட்டுக் கட்டிக் கையிலேயே கொடுப்பேன். "என்ன லான்ஸோ" என்பான். "நல்லாருக்கேன்டா" என்பேன். வாரத்துக்கு ஆறு நாள் இப்படி.

2012-இல் டேன் ட்ரேவிக் புகழ் மண்டபம் என்கிற ஏற்பாட்டைக் கொண்டுவந்தான். இதற்குள் அவன் காப்பீட்டு அலுவலகம் வைத்து ஊருக்குப் பெரிய மனிதன் ஆகியிருந்தான். மைதானத்துக்கு அவன் அப்பாவின் பெயர். அவனும் நானும் ஒரே வயது. அவன் என்னை லான்ஸோ என்பான், நான் அவனை மிஸ்டர் ட்ரேவிக் என்பேன். முதல் வருடமே 1970 அணியின் தகடு சுவரில் ஏறியது. என் பெயரும் அதில் இருக்கிறது. டேனுக்குத் தனித் தகடு. அவன் எறிந்த பந்துகளின் எண்ணிக்கைக்கு ஆதாரம் அவன் அப்பா எழுதி வைத்த நோட்டு.

அந்த வருடமே வெர்டெல் தன் தம்பிக்காக விண்ணப்பம் கொடுத்தாள். மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள்; கையெழுத்து அச்சுப்போல இருக்கும். கூட்டத்தில் டேன் அதைப் படித்துவிட்டு, "எண்பத்தி மூணு பந்து, முப்பத்தோரு டச்டவுன்னு எழுதியிருக்காங்க. எங்கே இருக்கு இந்தக் கணக்கு?" என்று கேட்டான். எங்கே எரிந்தது என்று எனக்குத் தெரியும். மற்ற ஆறு பேருக்கும் தெரியும். யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

மறுநாள் தபால் கொடுத்துக்கொண்டு போகும்போது வெர்டெல் என்னை வழியில் நிறுத்தினாள்.

"என்னடா சொன்னாங்க?"

"ஆதாரம் வேணுமாம் அக்கா."

"நீ என்ன சொன்னே?"

"அவங்க விதி அப்படி இருக்கு அக்கா."

"விதியை நான் படிச்சிட்டேன். நீ என்ன சொன்னேன்னு கேட்டேன்."

நான் அடுத்த வீட்டுக்குத் தபால் கொடுக்கப் போனேன்.

அவள் விடவில்லை. ஈஸ்ட் டேரோ அந்தக் காலத்தில் ஆடிய பதினோரு ஊர்களுக்கும் கடிதம் எழுதினாள். பத்து ஊர்களிலும் இதே கதைதான்: பள்ளி மூடியாயிற்று, நோட்டு போயிற்று. ஓர் ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி தன் படுக்கைக்கடியில் ஒரு பெட்டியில் பழைய ஆட்டக் குறிப்புகளை வைத்திருந்தாள். அதில் எங்களோடு ஆடிய இரண்டு ஆட்டங்கள் இருந்தன. இரண்டு ஆட்டத்தில் ஓஸெலுக்கு ஒன்பது பந்து, நான்கு டச்டவுன். வெர்டெல் இருநூறு மைல் பேருந்தில் போய் அதை நகல் எடுத்து வந்தாள். இரண்டாம் வருடம் அதை வைத்து விண்ணப்பித்தாள். குழுவில் இருந்த ராய் லீ ஹார்கெட் என்கிற பருத்தி விவசாயி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இது நல்ல கணக்குதான். ஆனா ரெண்டு ஆட்டத்தை வெச்சு ஒருத்தனை எப்படி ஏத்துறது?" என்றார். வெறும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, யோசித்துத்தான் சொன்னார். அந்த வருடமும் நான் பேசவில்லை.

ஓஸெலிடம் இதைப் பற்றி நான் ஒரே ஒருமுறை பேச்செடுத்தேன்.

"எனக்கு அதுல ஆசையே இல்ல. அக்காவுக்குத்தான் பொழுது போகல," என்றான்.

மூன்றாம் வருடம் மறுபடி விண்ணப்பம் வந்தபோது எனக்கு அறுபத்தொரு வயது. அடுத்த வருடம் ஓய்வு. இனி யாருக்குப் பயம் என்று ஒரு எண்ணம். கூட்டத்தில் எழுந்து நின்றேன்.

"நான் மூணு வருஷம் அவனைத் தடுத்துப் பாத்தவன். இந்தச் சுவத்துல இருக்கிற எல்லாரோடயும் ஆடியிருக்கேன், இல்ல அவங்க ஆடுறதைப் பாத்திருக்கேன். அவனுக்குப் பக்கத்துல நிக்க யாரும் இல்ல. காகிதம் இல்லேன்னா காகிதத்தை எரிச்சவங்களைக் கேளுங்க," என்றேன்.

ராய் லீ தலையைக் குனிந்துகொண்டார். "அது சரிதான்யா. எங்கப்பா என்னை வியாழக்கிழமை வேலிக்கிட்ட கூட்டிட்டுப் போவாரு. நானும் பாத்திருக்கேன்," என்றார். காற்று எங்கள் பக்கம் திரும்புகிறது என்று தோன்றியது.

டேன் தன் பையிலிருந்து ஒரு பழைய ஃபைலை எடுத்தான். அவன் அப்பாவுடையது. அதிலிருந்து ஒரு மஞ்சளடித்த காகிதத்தை எடுத்து மேசைமேல் என் பக்கமாகத் தள்ளினான்.

"நம்ம விதியில நடத்தைன்னு ஒண்ணு இருக்கு. அணியை நடுவுல விட்டுட்டுப் போனது மட்டும் இல்ல, மத்தவங்களை மிரட்டியிருக்கான். லான்ஸோ, இது உன் கையெழுத்துதானே?"

நாற்பத்து நான்கு வருடம் கழித்து அந்தக் காகிதத்தைப் பார்த்தேன். மை கொஞ்சம்கூட மங்கவில்லை.

"ஆமா," என்றேன்.

"இதுல எழுதியிருக்கிறது நெசமா?"

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி, பிறகு ஏன் கையெழுத்துப் போட்டாய் என்று வரும். அப்பாவைச் சொல்ல வேண்டும், ஆலை மேலாளரின் தொப்பியைச் சொல்ல வேண்டும், மேசைமேல் ஏறி நின்றவன் நான்தான் என்று சொல்ல வேண்டும். ஆறு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரொம்ப வருஷம் ஆச்சு மிஸ்டர் ட்ரேவிக். எனக்கு ஞாபகம் இல்ல," என்றேன்.

ஐந்துக்கு இரண்டு என்று விண்ணப்பம் தோற்றது. ராய் லீ கை தூக்கினார், நானும் தூக்கினேன். கை தூக்கினதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்தேனா என்று இப்போது யோசித்தால், ஒரு நிமிடம் அப்படித்தான் நினைத்தேன்.

வெளியே வண்டி நிறுத்துகிற இடத்துக்கு டேன் என் பின்னாலேயே வந்தான்.

"நீ என்னைத் தப்பா நினைக்காதே," என்றான். "அவன் எப்பேர்ப்பட்டவன்னு எனக்குத் தெரியாதா? நான்தானே எறிஞ்சேன். அந்தப் பதினாலுல ஒம்பது என் மோசமான எறிதல். தலைக்கு மேல போனது, முதுகுக்குப் பின்னால போனது. அவன்தான் அதையெல்லாம் நல்லதாக்கினான். அவன் போனப்புறம் நான் எறிஞ்சதை நீ பாத்தேல்ல."

"அப்போ ஏன்?"

"அவனை ஏத்தினா, ஏன் நாலு ஆட்டத்தோட நின்னுச்சுன்னு எவனாவது கேப்பான். கேட்டா எங்கப்பா பேருதான் கெடும். அப்பா செத்து ஆறு வருஷம்தான் ஆச்சு, லான்ஸோ."

கார்க் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டான்.

மறுநாள் தபாலைக் கையில் கொடுக்கும்போது ஓஸெலிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்: காகிதம், முதல் கோடு, கூட்டத்தில் கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில். அவன் வாசல் கம்பத்தில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"தெரியும்டா," என்றான்.

"எது?"

"காகிதம். அந்தக் காலேஜ்காரர் நல்ல மனுஷன். கடுதாசி போடாம விட்டுடல. ஜனவரியில நேரா வந்தாரு. ட்ரேவிக் அனுப்பின நகலைக் கொண்டுவந்து காட்டினாரு. இப்படி எழுதியிருக்கும்போது என்னால உன்னை எடுக்க முடியாது தம்பின்னு சொன்னாரு. பத்துப் பேரு. மேல உன் பேரு. உன் கோணல் எழுத்து எனக்குத் தெரியாதா."

"வெர்டெலுக்கு?"

"அவளுக்குச் சொல்லல. சொல்லியிருந்தா உன்னைக் கொன்னிருப்பா."

முப்பத்தேழு வருடம் வாரத்துக்கு ஆறு நாள் அவன் என்னிடம் "என்ன லான்ஸோ" என்று கேட்டிருக்கிறான். அதை நான் மனதுக்குள் பெருக்கிப் பார்க்க முயன்றேன், முடியவில்லை.

"ஏன்டா ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டு? நீ அழுவே. நான் உன்னைத் தேத்தணும். பன்னெண்டு மணி நேரம் கோழி அறுத்துட்டு வந்து எனக்கு அதுக்குத் தெம்பு இல்ல," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ரப்பர் வளையம் போட்ட தபாலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போனான்.

அன்று இரண்டு பக்கம் கடிதம் எழுதினேன். நிலவறையில் முதலில் பேசியது நான், ஓஸெல் யாரையும் மிரட்டவில்லை, காகிதத்தில் உள்ளது பொய், கூட்டத்தில் ஞாபகம் இல்லை என்று நான் சொன்னதும் பொய். ஏழு நகல் எடுத்து, குழுவின் மற்ற ஆறு பேருக்கும் அனுப்பினேன். குழுவிலிருந்து விலகினேன். 1970 அணித் தகட்டிலிருந்து என் பெயரை எடுத்துவிடும்படியும் கேட்டேன். வெண்கலத்தில் வார்த்த எழுத்தைத் தனியாக எடுக்க வழியில்லை என்று பள்ளி அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. மற்றதைப் பற்றிப் பதிலில் ஒன்றும் இல்லை.

ஏழாவது நகலை வெர்டெலிடம் நானே கொடுத்தேன். நின்றபடியே இரண்டு பக்கத்தையும் படித்தாள். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"நாலு தடவை உன்னை என் சமையலறையில உக்கார வெச்சு சாப்பாடு போட்டேன். இந்த விண்ணப்பத்தை எப்படி எழுதுறதுன்னு உன்கிட்டதான் யோசனை கேட்டேன்," என்றாள். அதற்குப் பிறகு என்னிடம் அவள் பேசவில்லை.

அடுத்த வருடம் பள்ளிக் கல்வி அதிகாரியாகப் புதிதாக ஒரு பெண் வந்தாள். வெளியூர்க்காரி. என் கடிதத்தையும் வெர்டெலின் நகல்களையும் படித்தாளாம். பத்திரிகைக்குப் போகுமுன் இதைச் சரி செய்யுங்கள் என்று டேனிடம் சொன்னாளாம். என் இடத்தில் வேறொருவரைச் சேர்த்திருந்த குழு கூடி ஏழுக்கு ஏழு என்று ஓஸெலைத் தேர்ந்தெடுத்தது. தகட்டில் என்ன எழுதுவது என்கிற பொறுப்பை டேனே எடுத்துக்கொண்டான்.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, ஆட்டத்தின் இடைவேளையில் தகடு கொடுப்பதாக ஏற்பாடு. ஓஸெல் போகவில்லை. "ட்ரேவிக் பேரு போட்ட மைதானத்துல போய் நான் கை நீட்ட மாட்டேன்," என்று சொல்லிவிட்டான். வெர்டெல் போனாள். ஊதா நிறத்தில் தேவாலயத் தொப்பி, வெள்ளைக் கையுறை. எழுபத்து மூன்று வயதில் நடு மைதானம்வரை யார் கையையும் பிடிக்காமல் நடந்தாள். நான் பார்வையாளர் படிக்கட்டு வரிசையின் மேல்மூலையில் நின்றிருந்தேன்.

டேன் ஒலிபெருக்கியில் படித்தான். "ஓஸெல் பிரேஸி. ரிசீவர். 1970 சாம்பியன் அணியின் உறுப்பினர். நான்கு ஆட்டங்கள், பதினான்கு பந்துகள், ஐந்து டச்டவுன்."

அவ்வளவுதான். ஈஸ்ட் டேரோ என்ற பெயர் இல்லை. மூன்று வருடம் இல்லை. அவன் எந்த அணியை விட்டு எழுந்து போனானோ அந்த அணியில் அவனை உட்கார வைத்திருந்தார்கள். மக்கள் கை தட்டினார்கள், எங்கள் ஆட்களும் தட்டினார்கள்.

வெர்டெல் தகட்டை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். அவசரப்படவில்லை. வாத்தியக் குழு தொடங்கக் காத்துக்கொண்டிருந்தது. பிறகு தகட்டை டேனிடம் திருப்பி நீட்டினாள். ஒலிபெருக்கி இன்னும் அணைக்கப்படாமல் இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

"இது என் தம்பி இல்லீங்க. வேற யாரையோ எழுதியிருக்கீங்க."

டேன் கை நீட்டவில்லை. அவள் அதைப் புல்மேல் வைத்துவிட்டு வந்த வழியே நடந்தாள். சற்று நேரம் கழித்து வாத்தியக் குழு தொடங்கியது.

தகட்டைத் திங்கட்கிழமை சுவரில் மாட்டிவிட்டார்கள். சோடா இயந்திரத்துக்குப் பக்கத்தில், கீழ் வரிசையில். படத்துக்குப் பதில் ஒரு பந்து பொறித்திருக்கிறது. 1970 அணியின் படத்திலும் அவன் இல்லாததால் முகத்துக்கு மாதிரி கிடைக்கவில்லையாம். வெர்டெலிடம் வீட்டில் மூன்று படம் இருந்தது. யாரும் கேட்கவில்லை.

அப்போது நான் ஓய்வு பெற்று இரண்டு மாதம் ஆகியிருந்தது. கொடுக்கத் தபால் இல்லாமலேயே பிரேஸி வீட்டுக்குப் போனேன். ஓஸெல் வாசலில் நின்று, பக்கத்து வீட்டு நாய்க்கு ரொட்டியை இரண்டு மணிக்கட்டுகளாலும் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"மாட்டிட்டாங்களா?" என்றான்.

"மாட்டிட்டாங்க."

"பதினாலுன்னா போட்டிருக்கு?"

"ஆமா."

"பதினஞ்சு," என்றான். "மூணாவது ஆட்டம், மழை. இடது மூலையில. கால் கோட்டுக்கு உள்ளதான் இருந்துச்சு. நடுவர் பின்னால நின்னுக்கிட்டு வெளியேன்னுட்டான்."

ஆசையே இல்லை என்று சொன்னவன் நாற்பத்தைந்து வருடமாக அதை எண்ணி வைத்திருக்கிறான்.

"உள்ளதான்டா இருந்துச்சு. நான் அந்தப் பக்கம்தான் நின்னேன், பாத்தேன்," என்றேன்.

அவன் என்னை நன்றாகத் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் எதையும் படிக்க என்னால் எப்போதுமே முடிந்ததில்லை.

"பாத்தேல்ல," என்றான். "அப்பவே சொல்லியிருக்கலாம்."

மீதி ரொட்டியை நாய்க்குப் போட்டுவிட்டு, கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். நாய் தின்று முடிக்கும்வரை நின்றுவிட்டு நான் வீட்டுக்கு வந்தேன்.